சக்கரத்தின் மேல் ஒரு குளிர்காலம்

(நம் சங்கத்தின் குடும்ப சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "அமெரிக்காவிலிருந்து வர்றீங்க, கம்ப்யூட்டர், ஏ.ஐ. அப்படின்னு ஏதாவது பேசுங்களேன்" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிட விஷயம் தெரிந்த பிள்ளைகள் இந்த ஹாலில் குறைந்தது இருபது பேர் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல்காரன். எனக்குத் தெரிந்தது சூடு, குளிர், தண்ணீர், குழாய். 2021-22 குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் ஐந்து மாதம் ஒரு ஆர்.வி.யில் குடியிருந்தோம். அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "ஆர்.வி.ன்னா என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டதால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் வைத்த வீடு, அவ்வளவுதான். சிலது தானே ஓடும். எங்களுடையது பிக்கப் டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். நீளம் 26 அடி, அகலம் 8 அடி. நம் ஹாஸ்டலில் மூன்று பேர் இருந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருந்தால் எப்படியோ அப்படி. ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று வாங்கியது. கோடைகாலத்துக்காகச் செய்த வண்டி. சுவரின் கனம் இரண்டு அங்குலம்கூட இருக்காது.

நாங்கள் இருந்த ஊரின் பெயர் சூமாஸ். வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலை. சுமார் 1,600 பேர் வாழும் சின்ன ஊர். தெரு முடிகிற இடத்தில் கனடா ஆரம்பித்துவிடும். ஊருக்குத் தெற்கே நூக்சாக் என்று ஒரு ஆறு. பேக்கர் மலையின் பனியிலிருந்து இறங்கி வந்து, மேற்கே திரும்பிக் கடலுக்குப் போகிறது. இந்த ஆற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எவர்சன் என்ற இடத்தில் ஆற்றின் மட்டம் வடக்கே இருக்கும் சூமாஸ் சமவெளியைவிட உயரம். நடுவில் இருக்கும் மேடு ரொம்பத் தாழ்வானது. வெள்ளம் அளவு மீறினால் அந்த மேட்டைத் தாண்டி, கடலை மறந்துவிட்டு வடக்கே திரும்பும். சூமாஸ் வழியாக எல்லையைக் கடந்து கனடாவின் அபட்ஸ்ஃபோர்டுக்குப் போய்விடும். பாஸ்போர்ட் கேட்காத ஒரே பயணி அதுதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்தக் கனடாப் பக்கத்தில் முன்பு சூமாஸ் ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. அதை நம்பி அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். 1924-இல் ஏரியை வற்றடித்து விளைநிலமாக்கினார்கள். பம்ப் வைத்து இன்றுவரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏரியைத் தூர்த்து வீடு கட்டுவது நமக்கு மட்டும் சொந்தமான பழக்கம் இல்லை என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1990 நவம்பரிலும் அந்த ஆறு இப்படித் திரும்பியிருக்கிறது.

2021 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. பசிபிக் கடலிலிருந்து ஈரக்காற்று ஒரு நீண்ட நாடா மாதிரி வந்து மலைமேல் மோதும். 'வானத்து ஆறு' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹவாய் பக்கத்திலிருந்து வந்தால் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்பார்கள், ஏதோ நம்ம பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி. இந்த எக்ஸ்பிரஸ் வந்தால் மழை மட்டும் இல்லை, கதகதப்பும் வரும். மலையில் அதுவரை விழுந்திருந்த பனியும் உருகி ஆற்றில் சேரும். மழை, உருகிய பனி, ஏற்கனவே ஊறிய மண் மூன்றும் ஒன்று சேர்ந்தால் கணக்கு எங்கே போகும் என்று சிவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. சாலையில் ஓடுகிற தண்ணீர் இரண்டடி உயரம் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். அதற்கு முன்பே டிரெய்லரை டிரக்கில் மாட்டி, மேற்கே லிண்டன் பக்கம் மேட்டு நிலத்தில் இருந்த ஒரு பால் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்காரர் எனக்குப் பத்து வருடப் பழக்கம், எண்பதை நெருங்கிய பெரியவர். அந்தப் பகுதியில் பலர் ஹாலந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள், அவரும் அப்படித்தான். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "ஒரு வாரம்" என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் முழங்கால் உயரத் தண்ணீர் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு அதே கதிதான். கனடாவில் இன்னும் மோசம். வான்கூவரை உள்நாட்டோடு இணைக்கும் நெடுஞ்சாலைகள் எல்லாமே மண்சரிவாலும் வெள்ளத்தாலும் துண்டிக்கப்பட்டன. ஹோப் என்ற ஊரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு சர்ரே நகரத்து குருத்துவாராவில் சமைத்து ஹெலிகாப்டரில் சாப்பாடு அனுப்பினார்கள். பெயரைப் பாருங்கள், ஹோப்!

இந்த இடத்தில் அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேராது. அதற்கு 1968-இல் அரசாங்கம் ஆரம்பித்த தனித் திட்டம் உண்டு. வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். எடுத்த பிறகும் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். மழை வருகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் எடுக்க முடியாது. எங்களுக்கு அது இருந்தது. எங்கள் தெருவில் பலருக்கு இல்லை. அரசின் பேரிடர் அறிவிப்பு 2022 ஜனவரியில்தான் வந்தது. அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அந்த இரண்டு மாதமும் வீட்டு வாசலில், பண்ணையில், சர்ச் மைதானத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஆர்.வி.கள்தான்.

"மகள் வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். மகள் டெக்சாஸில். என் மனைவி லிண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வீடு நனைந்து நின்றார்கள், அது போக கொரோனா வேறு. "நான் போயிட்டா அந்தக் கிழவிகளுக்கு யாருங்க மருந்து கொடுப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டிலும் வேலை இருந்தது. நனைந்த சுவர்ப்பலகையை நாலடி உயரம் அறுத்து எடுத்து, மரச்சட்டம் காயும்வரை மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். ஆக, இருந்துவிட்டோம்.

நவம்பர் கடைசியில் மறுபடியும் பெருமழை, மறுபடியும் ஊருக்குள் தண்ணீர். அது போகட்டும். குளிருக்கு வருகிறேன்.

டிரெய்லர் வாழ்க்கையில் முதல் எதிரி குளிர் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, ஈரம். ஒரு ஆள் இரவெல்லாம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் கால் லிட்டர் தண்ணீர் வெளியே வரும். இரண்டு பேர், அரை லிட்டர். காலையில் குக்கர் மூன்று விசில். ரசம் கொதிக்கும். இந்த ஆவியெல்லாம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில், ஜன்னலில், மெத்தையின் அடியில் போய் உட்காரும். கெமிஸ்ட்ரி வகுப்பில் தூங்காதவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். அதனால் புகைபோக்கி இல்லாத சின்ன கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்து எரித்தால் சூட்டோடு சேர்த்து மழையையும் உள்ளே கொண்டு வந்ததாக அர்த்தம். சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். அதற்கு அலாரம் தனி. புரோப்பேன் கசிவுக்கு அலாரம் தனி, அது காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோடு ஒட்டிப் பொருத்தியிருப்பார்கள். எங்கள் அம்மணி கடுகு தாளிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு அலாரம் அடிக்கும். பண்ணைக்காரர் பேரன் அதை 'சாப்பாட்டு மணி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஆக, அவ்வளவு குளிரிலும் கூரை ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்தே வைத்திருந்தோம். காசு கொடுத்து சூடாக்கிய காற்றை வெளியே விடுகிறோமே என்று வயிறு எரியும். வேறு வழியில்லை. மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் போட்டுக் காற்று போக இடம் விட்டோம்.

கேஸ் கணக்கைக் கேளுங்கள். நம் வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. அங்கே டிரெய்லரின் சிலிண்டர் 13.6 கிலோ, ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீட்டில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரும். அங்கே ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் 21 மணி நேரம். பாதி நேரம் எரிந்தால் இரண்டு நாள்கூட முழுசாக வராது. இன்னொன்று, நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாது, திரவமாகவே படுத்துக்கொள்ளும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அந்த நாட்டுக்கு அதுதான் சரி.

தண்ணீர்க் குழாய்க்கு மின்சூடு தரும் பட்டையைச் சுற்றி, மேலே ஃபோம் உறை போட்டேன். பண்ணையில் இருந்த கைக்குழாய் ஒரு நல்ல இன்ஜினியரிங். கைப்பிடி மேலே, வால்வு மட்டும் பூமிக்கு அடியில் மூன்றடி ஆழத்தில். மூடினதும் குழாயில் நிற்கும் தண்ணீர் தானாக மண்ணுக்குள் வடிந்துவிடும். உறைவதற்கு அங்கே தண்ணீரே இருக்காது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், பித்தளை மூட்டு விரிசல் விட அது போதும். டிரெய்லரின் வயிற்றுக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கினோம். அதைக் கொடுத்தவரும் பண்ணைக்காரர்தான். கழிவுத் தொட்டிகளைப் பற்றி, சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்பதால் சொல்லக்கூடாது என்று செயலாளர் உத்தரவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். வால்வைத் திறந்தே வைத்தால் சொட்டுச் சொட்டாக வடிந்து வெளிக்குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். மூடி வைத்து, நிறைந்த பிறகு ஒரே வீச்சில் திறந்துவிட வேண்டும். மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று பனி விழ ஆரம்பித்தது. மறுநாள் காற்று திரும்பிவிட்டது. கனடாவின் உள்நாட்டில் சேர்ந்திருக்கும் கடுங்குளிர்க் காற்று ஃபிரேசர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக, புனலில் ஊற்றின மாதிரி எங்கள் சமவெளியில் வந்து இறங்கும். வடகிழக்குக் காற்று. மைனஸ் 10-க்கும் கீழே போய்விட்டது. ஜன்னலின் உட்பக்கம் பனிக்கட்டி. கதவின் ரப்பர் ஓரம் உறைந்து, உள்ளே இருந்து தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.

என் மனைவிக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவள். இன்சுலினை வெயிலில் வைக்கக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உறையவும் விடக்கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் அதை நம்பிப் போடக்கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். டிரெய்லரின் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற அம்மோனியா ஃபிரிட்ஜ். வெளிச்சுவரில் துவாரம் வைத்திருப்பார்கள், கடுங்குளிரில் அது தாறுமாறாக நடக்கும். அதனால் மருந்தை ஃபிளாஸ்கில் தெர்மாமீட்டரோடு வைத்து, நடு அலமாரியில் வைத்திருந்தோம். அடுத்த மாதத்து மருந்தும் அதிலேதான். மருந்துக் கடைக்குப் போகும் சாலையில் பனி, விடுமுறை வேறு.

26-ஆம் தேதி இரவு, பத்து மணி சுமாருக்குப் பண்ணையில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லையென்றால் என்ன, கேஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபர்னஸின் காற்றாடி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. காற்றாடி ஓடாவிட்டால் ஃபர்னஸ் பற்றாது. அந்த ஈய பேட்டரி குளிரில் தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்துவிடும். இரவு இரண்டு மணிக்குக் காற்றாடி முனகி நின்றது. எழுந்து பார்த்தால் உள்ளே 9 டிகிரி. டிரக்கை டிரெய்லருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஜம்பர் கேபிள் மாட்டினேன். டிரக்கின் புகை வைக்கோல் கட்டு வழியாக டிரெய்லருக்கு அடியில் போகாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்த வேண்டும். அந்த இருட்டில், அந்தக் காற்றில், கையுறையைக் கழற்றினால் விரல் வேலை செய்யாது, போட்டிருந்தால் கிளிப் மாட்ட முடியாது. கால் மணி நேரம் ஆனது.

உள்ளே வந்தால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஃபிளாஸ்கில் இருந்த இன்சுலினை எல்லாம் எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டு, ஸ்வெட்டருக்குள்ளே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "நான் உறைஞ்சாத்தான் இது உறையும்" என்றாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பயந்தவள் பேசின பேச்சு அது.

ஃபர்னஸ் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. டிரக்கில் பெட்ரோல் கால் டாங்க். விடிவது எட்டு மணிக்கு. நாலரை மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. பெரியவர் வருகிறார். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ஜெனரேட்டர். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாட்டுக்கு மடி நிறைந்துவிடும், கறந்தே ஆகவேண்டும். முதலில் கறவைக் கொட்டகைக்கு இணைப்புக் கொடுத்தார். பிறகு ஒரு நீள ஒயரை இழுத்துக்கொண்டு எங்கள் கதவுக்கு வந்து, "மாடுகளுக்கு அப்புறம்தான் உங்களுக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார். என் மனைவி அந்த அரை இருட்டில் அவருக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தாள். அதற்கு முன் அவர் அதைக் குடித்ததே இல்லை. சர்க்கரை இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஜனவரியில் பனி உருகி மறுபடி மழை. உறைந்த மண் இளகியதும் டிரெய்லரின் ஒரு பக்கச் சக்கரம் நாலு அங்குலம் இறங்கி, ஒரு வாரம் சாய்ந்த வீட்டில் இருந்தோம். தோசைக்கல்லில் மாவு எல்லாம் ஒரே ஓரமாக ஓடும். ஏப்ரலில் வீட்டுக்குத் திரும்பினோம். வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நவம்பர் மாதம் வந்து இரவில் மழை பெய்தால் இரண்டு பேரும் எழுந்து ஜன்னல் ஓரம் நிற்போம், பேசிக்கொள்ளாமலே. 2023-இல் விற்றுவிட்டு பெல்லிங்ஹாமில் மேட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம். நாங்கள் விற்கலாம், வசதி இருந்தது. எதிர்வீட்டில் இருந்த லாரி டிரைவரின் குடும்பத்துக்கு அது முடியவில்லை. இன்ஷூரன்ஸும் இல்லை. 2021-இல் வாங்கிய கடனையே இன்னும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளச் சமவெளியில் வீடு விலை குறைவு, அதனால்தான் அங்கே வாங்குகிறார்கள். வாங்கின பிறகு வெளியேறப் பணம் இல்லை. இது சூமாஸில் மட்டும் நடக்கிற கதை என்று வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் இருக்கும் நம் நண்பர்கள் நினைக்க மாட்டார்கள்.

2025 டிசம்பரில் மறுபடியும் வானத்து ஆறு வந்தது. மறுபடியும் எவர்சன் மேட்டைத் தாண்டி சூமாஸுக்குள் தண்ணீர். டிரெய்லரை நாங்கள் விற்காமல் வைத்திருந்தோம். அந்த வாரமே அந்த டிரைவர் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம், இரண்டு சிலிண்டர், புது பேட்டரி, அந்தப் பழைய ஒயர் எல்லாம் சேர்த்து. நிறுத்த இடம் அதே பண்ணை. பெரியவர் இப்போது இல்லை, பேரன் பார்த்துக்கொள்கிறான். வைக்கோல் கட்டு அடுக்கினதும் அவன்தான். நாங்கள் இங்கே கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில் இருக்கும்போது அந்த அம்மா போன் பண்ணினாள், எந்தக் கைப்பிடி எந்தத் தொட்டிக்கு என்று கேட்டு. சாம்பல் நிறம் குளியல் தண்ணீருக்கு, கறுப்பு மற்றதுக்கு, இரண்டையும் மூடியே வைம்மா என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினோம்.

சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் கை காட்டுகிறார்.